வைத்தது, பொரித்தது, அனுப்பியது

நவம்பர் 9

மத்தியானம் இரண்டு மணிக்கு டீச்சர் குழி தோண்ட ஆரம்பித்தது. டீச்சர் என்பது ஆமை. இருபத்திரண்டு கிலோ. என் மகள் தாரணியின் வளர்ப்பு. அதன் ஜோடிக்கு வாத்தியார் என்று பெயர். இரண்டும் நடக்கிற நடையைப் பார்த்தால் பரீட்சை ஹாலில் மேற்பார்வைக்கு வந்த மாதிரிதான் இருக்கும், பெயர் வைத்ததில் தப்பில்லை. ஆப்பிரிக்க ஜாதி. நம் ஊர் நட்சத்திர ஆமையை வளர்த்தால் ஜெயில். இதற்கு வனத்துறையில் பதிவு செய்த காகிதம் இருக்கிறது. வருகிறவன் போகிறவன் எல்லாம் கேட்பதால் முதலிலேயே எழுதி வைக்கிறேன்.

பின்னங்காலால் மண்ணைத் தள்ளித் தள்ளி, என் மனைவியின் கனகாம்பரப் பாத்தியில் பாதியைக் காலி செய்துவிட்டு, நாலு மணிக்குள் பதினேழு முட்டை போட்டது. பிங்பாங் பந்து அளவு, அதே வெள்ளை, அதே உருண்டை. லோகாம்பாள் பின்வாசலில் நின்று, “என்ற பூச்செடி போச்சு” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். ஆமை வந்ததிலிருந்து அவள் பின்வாசலைத் தாண்டுவதில்லை. காலையும் மாலையும் அங்கே மஞ்சள் தண்ணீர் தெளிக்கிறாள்.

முட்டை எனக்குப் புதிதல்ல. நாமக்கல்லில் கோழிக்குஞ்சுப் பொரிப்பகத்தில் முப்பத்திரண்டு வருஷம் சூப்பர்வைசராக இருந்தவன். ஒரு கோடிக்கு மேல் முட்டை என் கண் முன்னால் போயிருக்கிறது. ஓய்வு பெற்ற அன்று ஒரு காலி ரெஜிஸ்டரைக் கேட்டு வாங்கி வந்தேன். மூன்று பத்தி அச்சடித்திருக்கும்: வைத்தது, பொரித்தது, அனுப்பியது. எதற்கு வாங்கினேன் என்று அன்று தெரியவில்லை. இன்று அதில்தான் எழுதுகிறேன்.

வைத்தது: 17.

நவம்பர் 10

மீன் வருகிற தெர்மாகோல் பெட்டி ஒன்று, நாற்பது வாட் பல்பு, பழைய தெர்மோஸ்டாட். அடியில் ஈரமான தேங்காய் நார்த்தூள். காலை பத்து மணிக்கு ஆரம்பித்துப் பன்னிரண்டுக்குள் பொரிப்புப் பெட்டி தயார். முன்னறையில் ஜன்னலோரம் வைத்தேன். சூடு 88 டிகிரி பாரன்ஹீட்டில் நிற்கிறது.

முட்டைகளை எடுத்துக் கழுவித் துடைத்து அடுக்கும்போது தாரணி வந்து பார்த்தாள்.

“ஆமை முட்டையைத் திருப்பக் கூடாதுங்கப்பா. போட்டப்ப எது மேல இருந்துச்சோ அது மேலயே இருக்கோணும். பென்சில்ல குறி போட்டு வெக்கச் சொல்றாங்க.”

“எவன் சொல்றான்?”

“வளர்க்கறவங்கதான்.”

“அம்மிணி, முட்டையைத் திருப்பலைன்னா கரு ஓட்டுல ஒட்டிச் செத்துப்போயிரும். எங்க மிஷின்ல மணிக்கொரு தடவை திரும்பும். முட்டையைப் பத்தி நீ எனக்குச் சொல்றியா?”

அவள் உள்ளே போய்விட்டாள். இப்போதெல்லாம் அவள் இரண்டாவது தடவை சொல்வதில்லை.

காலை ஆறு, பத்து, மத்தியானம் இரண்டு, மாலை ஆறு. ஒரு நாளைக்கு நாலு முறை திருப்புவதாக ஏற்பாடு.

நவம்பர் 13

சூடு 88. நாலு முறை திருப்பியாயிற்று.

நவம்பர் 17

மச்சான் பொன்னுரங்கம் வந்திருந்தார். லோகாம்பாளின் அண்ணன். தாரணியைத் திருச்செங்கோட்டில் கட்டிக்கொடுக்க ஜாதகம் கொண்டுவந்தவரும் அவர்தான், அதனால் அந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் நடுவில் அவர் செருப்பு தேய்கிறது.

காபியைக் குடித்துக்கொண்டே பெட்டியைப் பார்த்தார். “ஆமையை யாராச்சும் வூட்டுக்குள்ள விடுவாங்களா மாப்ள? இது பத்தாதுன்னு குஞ்சு வேற பொரிக்கறீங்க. புள்ள பொழப்பு இப்படி ஆனதுக்கே இதுதான் காரணம்னு ஊரே பேசுது.”

ஆமையைப் பற்றி ஊரில் சொல்லும் பேச்சு எனக்கும் தெரியும். அதை இங்கே எழுதப் போவதில்லை.

ஆனால் ஒன்றை எழுதலாம். தாரணி கோயமுத்தூரில் வேலைக்குச் சேர்ந்த வருஷம் உள்ளங்கையில் அடங்குகிற இரண்டு குஞ்சாக இவற்றை வாங்கினாள். கல்யாணமாகிப் போனபோது கூடவே கொண்டுபோனாள். அங்கேயிருந்து முதல் தடவை ஆனி மாதம் வந்தாள். கையில் ஒரு பை. இரண்டாவது தடவை அடுத்த வருஷம் புரட்டாசியில். அப்போதும் ஒரு பைதான். முழங்கைக்குக் கீழே தோல் வெந்து கன்றியிருந்தது. குக்கர் பட்டது என்றாள், சரி என்றேன். இரண்டு தடவையும் நல்ல வார்த்தை சொல்லிப் பஸ் ஏற்றிவிட்டோம்.

மூன்றாவது தடவை இந்த ஆவணியில். டாடா ஏஸ் வண்டியின் பின்னால் இரண்டு ஆமைகளோடு உட்கார்ந்து வந்தாள். பையோடு வந்தவளைப் பஸ் ஏற்றலாம். நாற்பத்தைந்து கிலோ ஆமையோடு வந்தவளை எந்த பஸ்ஸில் ஏற்றுவது?

மச்சானிடம் சொன்னேன்: “முட்டை வெச்சாச்சுங்க. பொரிக்கற வரைக்கும் எதையும் நகத்தறதா இல்லை.”

“முட்டையையா சொல்றீங்க?”

“எல்லாத்தையும்தான்.”

நவம்பர் 24

சூடு 87.5. திருப்பினேன். கனகாம்பரம் நாலு நாற்று வாங்கி நட்டேன். வாத்தியார் மூன்றைத் தின்றுவிட்டது.

டிசம்பர் 8

ஒரே மாதத்தில் டீச்சர் மறுபடியும் குழி தோண்டியது. இந்தத் தடவை பதினாலு. நான் கையை நீட்டுமுன் தாரணி குழிக்குப் பக்கத்தில் மண்டியிட்டுவிட்டாள்.

“இது என்னோடதுங்கப்பா. நீங்க தொடாதீங்க.”

ஒவ்வொன்றையும் இருந்தபடியே தூக்கி, மேலே பென்சிலால் குறி போட்டு, எண் எழுதி, அப்படியே கொண்டுபோய் நார்த்தூள் தட்டில் வைத்தாள். பதினாலு முட்டைக்கு ஒரு மணி நேரம். எங்கள் பொரிப்பகத்தில் அந்த ஒரு மணி நேரத்தில் பதினாலாயிரம் அடுக்கியிருப்போம். கழுவக்கூட இல்லை. நான் சிரித்துவிட்டு அவளுக்கும் ஒரு பெட்டி செய்து கொடுத்தேன். தோற்றால்தான் புத்தி வரும் என்று நினைத்தேன். நினைத்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

சூட்டைக் கொஞ்சம் கூட்டி 89-இல் வைக்கச் சொன்னாள். ஆமை முட்டை போடும்போது உள்ளே இருப்பது ஆணா பெண்ணா என்பது முடிவாகியிருக்காதாம். சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண்.

“அப்ப உனக்குப் பொண்ணு வேணுமா?”

“ஆமாங்கப்பா. எல்லாமே பொண்ணா பொறக்கட்டும்.”

நான் வேலை பார்த்தது முட்டைக்கோழிக் குஞ்சு பொரிக்கிற இடம். அங்கே பிறந்த அன்றே குஞ்சைத் திருப்பிப் பார்ப்போம். பெட்டை என்றால் அட்டைப்பெட்டிக்கு, சேவல் என்றால் கழிவுக்கு. எப்படிக் கழிப்போம் என்பதை எழுத வேண்டாம். உலகத்தில் ஓரிடத்தில் ஆண் வேண்டாமென்கிறார்கள், இன்னோரிடத்தில் பெண் வேண்டாமென்கிறார்கள்.

டிசம்பர் 16

தாரணியின் முட்டைகளில் மேல்பக்கம் சுண்ணாம்பு பூசியது போல ஒரு வட்டம் விழுந்திருக்கிறது. கரு பிடித்ததற்கு அதுதான் அடையாளம் என்கிறாள். என் பதினேழில் எதிலும் முழு வட்டம் இல்லை. அங்கங்கே திட்டுத்திட்டாக ஆரம்பித்து நின்றுபோயிருக்கிறது. ஜாதிக்கு ஜாதி வித்தியாசம் இருக்கும் என்று சொன்னேன். இரண்டும் ஒரே டீச்சர் போட்டது.

டிசம்பர் 20

நாற்பத்தோராம் நாள். பெட்டியைத் திறந்தால் வாடை. முப்பத்திரண்டு வருஷம் முகர்ந்த வாடை, தெரியாமல் போகுமா?

பின்பக்கம் கொண்டுபோய் ஒவ்வொன்றாக உடைத்தேன். எட்டு வெறும் முட்டை. ஒன்பதில் கரு பிடித்திருக்கிறது. உளுந்து அளவில் தொடங்கி, ஒன்றிரண்டு மொச்சை அளவு வரை வந்து, நின்றிருக்கிறது. கண் இருந்த இடம் கறுப்பாகத் தெரிந்தது. கோழிக்குஞ்சு மாதிரி இது நகர்ந்து கொடுக்காது. மேலே போய் ஒட்டிக்கொண்டு அங்கேயே வளரும். நான் நாளைக்கு நாலு தடவை தலைகீழாக்கியிருக்கிறேன்.

தாரணி பக்கத்தில் வந்து நின்றாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன்.

“விடுங்கப்பா. நீங்க உங்களுக்குத் தெரிஞ்சதைத்தானே செஞ்சீங்க.”

நல்லதற்கென்று செய்தவனுக்கு அதைவிடப் பெரிய வசவு இருக்க முடியாது. மண்வெட்டி எடுத்துக் குழி வெட்டிப் புதைத்தேன். 

வைத்தது: 17. பொரித்தது: 0. அனுப்பியது: 0.

டிசம்பர் 21

எழுத ஒன்றும் இல்லை.

ஜனவரி 2

தாரணியிடம் போய், “உன்ற பெட்டியில எனக்கு ஏதாச்சும் வேலை இருந்தா குடு” என்றேன். யோசித்தாள். சூடும் ஈரமும் எழுதுகிற வேலையைக் கொடுத்தாள். மூடியைத் திறக்க அனுமதி இல்லை. மூடியில் பதித்திருக்கிற கண்ணாடி வழியாகப் பார்த்து எழுத வேண்டும். நாற்பது பேரை வேலை வாங்கியவன் நான்.

89. ஈரம் எண்பது.

ஜனவரி 14

பொங்கல். ஒறம்பரை, சொந்தபந்தம் யாரும் வரவில்லை. போன வருஷம் நிற்க இடமில்லை. லோகாம்பாள் ஒரு படி அரிசி போட்டு வைத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில், “நாலு பேரு வர்ற வூடா இருந்துச்சுங்க” என்றாள்.

“வராதவங்களுக்கு நல்ல பொங்கல் போச்சு, அவ்வளவுதான்” என்றேன். இரண்டு கரண்டி கூட வாங்கிச் சாப்பிட்டேன். வயிறு வலிக்கிறது, அது வேறு விஷயம்.

ஜனவரி 22

மச்சான் போன் செய்தார். திங்கட்கிழமை சம்பந்தி அர்த்தநாரியை அழைத்து வருகிறாராம். பேசி முடித்துத் தை மாதத்திலேயே புள்ளையை அனுப்பிவிட வேண்டுமாம். அவர்கள் பெரிய மனசு பண்ணி ஒரே ஒரு நிபந்தனைதான் வைக்கிறார்கள். ஆமை இரண்டும் போக வேண்டும்.

தாரணியிடம் சொன்னேன். “வரட்டுங்கப்பா” என்றாள். முட்டைக்கு விளக்கு வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னையும் கூப்பிட்டுக் காட்டினாள். ஆறாம் நம்பரில் சிவப்பு நரம்பு வலை மாதிரி ஓடியது. மூன்று முட்டைக்கு வாய்ப்பில்லை. பதினொன்று பிடித்திருக்கிறது.

ஜனவரி 27

விவரமாக எழுதுகிறேன், ஆளுக்கு ஒன்று சொல்லப்போகிறார்கள்.

இன்று மாதாந்திர மின்தடை. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை கரண்ட் இல்லை. தை மாதத்துக் குளிர் வேறு. பெட்டியைச் சும்மா விட்டால் எழுபத்தைந்துக்கு இறங்கிவிடும். ஐம்பது நாள் போச்சு. பொரிப்பகத்தில் ஜெனரேட்டர் மக்கர் செய்த நாளெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. பிளாஸ்டிக் பாட்டில்களில் வெந்நீர் ஊற்றித் துணி சுற்றிப் பெட்டியின் நாலு மூலையிலும் நிறுத்த வேண்டும். முக்கால் மணிக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். இதற்கு மட்டும் மூடியைத் திறக்கத் தாரணி சம்மதித்தாள். இந்த வேலை எனக்குத் தெரியும்.

பதினோரு மணிக்கு மச்சானும் சம்பந்தி அர்த்தநாரியும் வந்தார்கள். மாப்பிள்ளை வரவில்லை. விசைத்தறிப் பட்டறையில் அவசர ஆர்டராம்.

சம்பந்தி துண்டைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: “புருசன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்குமுங்க. பையன் கொஞ்சம் கோவக்காரன். நாங்க சொல்லி வெச்சிருக்கோம். இனி அப்படி நடக்காது.”

“எப்படி நடக்காதுங்க?” என்று கேட்டேன். அவர் மச்சானைப் பார்த்தார். மச்சான் ஜன்னலைப் பார்த்தார்.

பாட்டில் மாற்ற நேரமாகிவிட்டது. எழுந்து போனேன். சமையல்கட்டில் லோகாம்பாள் நான் கேட்காமலே அண்டா நிறையத் தண்ணீர் சுட வைத்திருந்தாள். முகத்தைப் பார்க்காமல் ஊற்றிக் கொடுத்தாள்.

திரும்பி வந்தால், மச்சான் பெட்டியின் மூடியைத் திறந்து ஆறாம் நம்பரைக் கையில் எடுத்து வைத்திருக்கிறார். “இந்தப் பந்துக்கா இத்தனை அமர்க்களம்” என்று சம்பந்தியிடம் காட்டுகிறார். உருட்டிப் பார்க்கப் போகிறார்.

என் குரல் அப்படி வரும் என்று எனக்கே தெரியாது.

“வெச்ச எடத்துல வைங்க மச்சான். திருப்பாதீங்க. பென்சில் குறி மேல இருக்கோணும். மேல.”

வைத்தார். குறி மேலே இருந்தது. நானே மூடினேன்.

சம்பந்திக்கு முகம் சிவந்துவிட்டது. “முட்டைக் கதையெல்லாம் அப்பறம் வெச்சுக்கலாமுங்க. புள்ளையை எப்ப அனுப்பறீங்க, அதைச் சொல்லுங்க.”

தாரணி நிலைப்படியில் நின்றிருந்தாள், இரண்டு கையிலும் வெந்நீர் பாட்டில். “எனக்கு வர இஷ்டமில்லீங்க மாமா. இதை மூணு வருசமா சொல்லிட்டுத்தான் இருக்கேன். யாரும் கேக்கல” என்றாள். குரலை உயர்த்தவில்லை. யாரும் என்றபோது அவள் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம்.

நான் சொன்னேன்: “அனுப்பறதில்லீங்க. ரெண்டு தடவ அனுப்புனேன். எனக்குத் தெரிஞ்ச மொறையில செஞ்சேன். அது தப்புங்க. கையில இருந்த காயத்தைப் பாத்துட்டே பஸ் ஏத்துனவன் நான். இனி அவ இருக்கற எடத்துல இருப்பா.”

“அப்ப வக்கீலைத்தான் பாக்கோணும்.”

“அவ போன வாரமே பாத்துட்டாளுங்க.”

உண்மையில் அது எனக்கு இன்று காலைதான் தெரியும். ஆனால் எல்லாம் தெரிந்தவன் போலச் சொன்னேன். முப்பத்திரண்டு வருஷ சூப்பர்வைசர் வேலையில் அதுதான் முக்கியமான பாடம்.

அவர்கள் போன பிறகு நான் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன். தாரணி பக்கத்தில் வந்து, “தண்ணி ஆறிப்போச்சுங்கப்பா, அடுத்த பாட்டில் மாத்தோணும்” என்றாள். எழுந்து மாற்றினேன். ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தபோது பெட்டியில் சூடு 87.

ஜனவரி 28

ஆறாம் நம்பருக்கு விளக்கு வைத்துப் பார்த்தோம். ஒன்றும் தெரியவில்லை. கரு பெரிதாகிவிட்டால் அப்படித்தான் இருட்டாக இருக்கும் என்கிறாள் தாரணி. செத்திருந்தாலும் அப்படித்தான் இருக்கும். அதை இருவரும் சொல்லவில்லை.

பிப்ரவரி 11

வனத்துறையிலிருந்து ஒருவர் வந்தார். திருட்டுத்தனமாக நட்சத்திர ஆமை வளர்க்கிறோம் என்று யாரோ புகார் எழுதியிருக்கிறார்கள். காகிதத்தைக் காட்டினோம். டீச்சரையும் வாத்தியாரையும் பார்த்தார், போட்டோ எடுத்துக்கொண்டார். குஞ்சு பொரித்தால் அதையும் எழுதித் தெரிவிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு லோகாம்பாள் கொடுத்த மோரைக் குடித்துப் போனார்.

யார் எழுதியது என்று எனக்குத் தெரியும். போன் செய்து, “ஆபீசர் வந்தாருங்க. எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லிட்டுப் போனாரு” என்று மட்டும் மச்சானிடம் சொல்லி வைத்துவிட்டேன். இன்றைய மத்தியானச் சாப்பாடு ருசியாக இருந்தது.

மார்ச் 8

தொண்ணூறாம் நாள். மூன்றாம் நம்பரில் ஓடு வெடித்து ஒரு மூக்கு.

மார்ச் 9

மூன்று, ஒன்பது, பன்னிரண்டு வெளியே வந்துவிட்டன. இன்னும் நாலு குஞ்சுகள் ஓட்டை போட்டுவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருக்கின்றன. கோழிக்குஞ்சு என்றால் அரை நாளில் முடிந்துவிடும். இது ஒரு ஓட்டையைப் போட்டுவிட்டு, உலகத்தைப் பார்த்துவிட்டு, வருவதா வேண்டாமா என்று ஒரு நாள் யோசிக்கிறது. உள்ளே மஞ்சள் கரு மிச்சம் இருக்கிறதாம். அது வயிற்றுக்குள் போகிற வரை இழுக்கக் கூடாதாம்.

கை பரபரக்கிறது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறேன்.

மார்ச் 10

பத்து வந்துவிட்டன. ஆறாம் நம்பர் மட்டும் அப்படியே கிடக்கிறது.

இன்று தாரணி விவாகரத்து மனு போடுகிற நாள். காலை ஒன்பதரைக்கு ஸ்கூட்டரை எடுத்தாள். நான் சட்டை மாட்டிக்கொண்டு நின்றேன்.

“நானும் வரட்டுமா சாமி?”

“வேண்டாங்கப்பா. நீங்க ஆறாம் நம்பரைப் பாத்துக்குங்க.”

வாசல் வரை போனேன். இந்த வாசலிலிருந்து இரண்டு தடவை அவள் பையை நான் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை நடந்திருக்கிறேன். இரண்டு தடவையும் பஸ் திரும்பும்வரை அவள் என்னைப் பார்த்துக்கொண்டே போனாள். நான் கை காட்டினேன். நல்ல காரியம் செய்ததாக நினைத்துத் திரும்பி வந்து டீ குடித்தேன். இதை இதுவரை எங்கும் எழுதவில்லை.

மார்ச் 11

காலையில் ஆறாம் நம்பரில் ஒரு விரிசல். பென்சில் குறிக்குச் சரியாகக் கீழே.

தாரணி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பத்தரைக்கு மூக்கு தெரிந்தது. பன்னிரண்டுக்கு ஒரு கால். அப்புறம் எந்த அசைவும் இல்லை. அப்போது பின்னால் நிழல் விழுந்தது. லோகாம்பாள். நாலு மாதமாகப் பெட்டிப் பக்கம் எட்டிப் பார்க்காதவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

“ஏனுங், செரமப்படுதே. கொஞ்சம் எடுத்து விடுங்களேன்.”

“வேண்டாம். அதுக்குத் தெரியும். உக்காரு.”

உட்கார்ந்தாள், தாரணிக்குப் பக்கத்தில். கொஞ்ச நேரம் கழித்து மகளுடைய கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். முழங்கைக்குக் கீழே அந்தத் தழும்பை விரலால் தடவினாள். மத்தியானச் சோறு ஆறிப்போயிற்று.

மூன்றரைக்கு அது ஓட்டை விட்டு வெளியே வந்தது. மற்றவற்றைவிடச் சின்னது. முதுகு ஓட்டில் ஒரு பக்கம் லேசான மடிப்பு. நிமிர்ந்து எங்களைப் பார்த்துவிட்டு நார்த்தூளில் நடக்க ஆரம்பித்தது. தாரணி அழுதாள். நானும்தான்.

ஆணா பெண்ணா என்று கேட்டேன். தெரிய எட்டு பத்து வருஷம் ஆகும் என்றாள். பிறந்த அன்றே திருப்பிப் பார்த்து ஒதுக்க முடியாத ஜாதி. ரொம்ப நல்லது. எனக்கு இப்போது அறுபத்தொன்று. இருந்து பார்க்கிறேன்.

சாயந்திரம் மச்சான் போன் செய்தார். மனு போட்டது காதுக்குப் போயிருக்கிறது. “ஊர் என்ன சொல்லும் மாப்ள?” என்றார். “இப்ப வூட்டுல பதிமூணு ஆமைங்க மச்சான். ஊரை வந்து எண்ணிப் பாத்துட்டுச் சொல்லச் சொல்லுங்க” என்றேன்.

வனத்துறைக்குத் தாரணி கடிதம் எழுதுகிறாள். நான் ரெஜிஸ்டரை எழுதுகிறேன்.

வைத்தது: 14. பொரித்தது: 11.

அனுப்பியது: யாரையும் இல்லை. அனுப்புவதாகவும் இல்லை.